நமக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் உண்டு

இந்தப் பதிவு முக்கியமாக என் பழைய மாணவ மாணவிகளுக்கு. கொஞ்சம் நீளம்தான், காபியைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு பாடத்தில் தப்பு இருக்கிறது. அதைத் திருத்தாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

ஆறாம் வகுப்பு சமூக அறிவியல், ஆதி மனிதன் பாடம். சுவரில் ஒரு படம் மாட்டியிருப்பேன், ஞாபகம் இருக்கும். குனிந்த குரங்கில் தொடங்கி நிமிர்ந்த மனிதன் வரை வரிசையாக நடந்து போவார்கள். அதில் கடைசிக்கு முந்தையவர் நியாண்டர்தால் மனிதர். ஒரு வருடம் முதல் பெஞ்சில் இருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இந்த ஆளு நமக்கு என்ன வேணும்? தாத்தாவா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நான் சொன்னேன்: "ஒண்ணும் வேணாம்பா. அவன் வேற இனம், நாம வேற இனம். நமக்கும் அவனுக்கும் சம்பந்தமே கிடையாது. அவன் அழிஞ்சே போயிட்டான்."

ஓய்வு பெறும் வரை வருடா வருடம் இதையேதான் சொன்னேன். கேள்வி கேட்ட அந்தப் பையன் இன்று ஒரகடத்தில் வேலை பார்க்கிறான். போன மாதம் மெசஞ்சரில் வந்தான். "டீச்சர், என் பையன் இப்போ ஆறாவது. நான் கேட்ட அதே கேள்வியைக் கேக்கறான். நீங்க சொன்ன பதிலைச் சொன்னேன். அது தப்புப்பான்னு சொல்லிட்டான்."

அந்தப் பையன் சொன்னதுதான் சரி. சம்பந்தம் இருக்கிறது. நம் ஊரில் "சம்பந்தம் பேசி முடிச்சாச்சா?" என்று கேட்பார்களே, அந்த அர்த்தத்திலேயே இருக்கிறது.

கதையை முதலில் இருந்து சொல்கிறேன்.

1856. ஜெர்மனியில் டுசல்டார்ஃப் நகருக்குப் பக்கத்தில் நியாண்டர் பள்ளத்தாக்கு. 'தால்' என்றால் ஜெர்மன் மொழியில் பள்ளத்தாக்கு. சுண்ணாம்புக்கல் வெட்டும் தொழிலாளர்கள் ஒரு குகையைச் சுத்தம் செய்யும்போது சில எலும்புகள் கிடைத்தன. கரடி எலும்பு என்று நினைத்தார்கள். யாரிடம் காட்டினார்கள் தெரியுமா? பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியாரிடம். அவர் பெயர் யோஹன் கார்ல் ஃபூல்ராட். புருவத்துக்கு மேலே திண்ணை போல எலும்பு புடைத்திருந்த அந்த மண்டை ஓட்டைப் பார்த்ததும், இது கரடி இல்லை, மனிதன்தான், ஆனால் மிகப் பழைய காலத்து மனிதன் என்று கண்டுகொண்டார். பெரிய மருத்துவ அறிஞரான ருடால்ஃப் விர்ஷோ அதை ஒப்புக்கொள்ளவில்லை. நோயால் எலும்பு வளைந்துபோன சாதாரண மனிதன்தான் என்று சொல்லிவிட்டார். ஃபூல்ராட் 1877-ல் இறந்தார். பெல்ஜியம் நாட்டில் ஸ்பை என்ற ஊரில் இதே மாதிரி எலும்புகள் 1886-ல் கிடைத்த பிறகுதான் வாத்தியார் சொன்னது சரி என்று உலகம் உறுதியாக நம்பியது. அதைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

இந்த எலும்புக்கு 'ஹோமோ நியாண்டர்தாலென்சிஸ்' என்ற தனிப் பெயர் வைத்தவர், அயர்லாந்தில் கால்வே நகரக் கல்லூரியில் நிலவியல் பேராசிரியராக இருந்த வில்லியம் கிங். 1863-ல் ஒரு அறிவியல் கூட்டத்தில் பேசினார், 1864-ல் அது அச்சில் வந்தது. இது நம்மைப் போன்ற மனிதன் இல்லை, தனி இனம் என்பது அவர் கட்சி. நான் வகுப்பில் சொன்ன "அவன் வேற, நாம வேற" அங்கிருந்து வந்ததுதான்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். அதே 1863, மே 30. சென்னைக்குப் போகும்போது நாம் தாண்டிப் போகும் பல்லாவரம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே செம்மண் குழி ஒன்றில் ஆதி மனிதன் செதுக்கிய கல் கருவியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததற்கு முதல் சான்று அது. அதே ஆண்டு செப்டம்பரில், திருவள்ளூர் மாவட்டத்தில் கொசஸ்தலையாறு ஓடும் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறைய கருவிகள் கிடைத்தன. அங்கே ஃபூட்டுடன் போனவரின் பெயரும் வில்லியம் கிங். கால்வே பேராசிரியரின் மகன்! அப்பா அங்கே நியாண்டர்தாலுக்குப் பெயர் சூட்டிய அதே ஆண்டில், மகன் இங்கே நம் ஆற்றங்கரையில் கற்கருவி பொறுக்கிக்கொண்டிருந்தார். இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் எனக்குத் தெரியாமல் போயிற்றே.

அத்திரம்பாக்கத்தில் பிற்பாடு பல வருடங்கள் முறையாகத் தோண்டி ஆராய்ந்தவர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் ஆண்டு வயது என்று 2011-ல் வெளியிட்டார்கள். அதற்கு மேல் அடுக்கில் வேறு நுட்பம் தெரிகிறது. கல்லை முதலில் பக்குவமாகத் தயார் செய்துகொண்டு, பிறகு ஒரே தட்டில் வேண்டிய வடிவத்தில் சில்லு எடுக்கும் வேலை. ஐரோப்பாவில் நியாண்டர்தால்களும் இதைத்தான் செய்தார்கள். அத்திரம்பாக்கத்தில் இது சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018-ல் சொன்னார்கள்.

அப்படியானால் அத்திரம்பாக்கத்தில் இருந்தது நியாண்டர்தாலா? அவசரப்படக் கூடாது. அங்கே கருவிதான் கிடைத்ததே தவிர அதைச் செய்தவரின் எலும்பு கிடைக்கவில்லை. சேலையை மட்டும் வைத்துக்கொண்டு நெய்தவர் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா? இந்தியாவில் கிடைத்த ஆதி மனித எலும்புகளில் பேர்பெற்றது, 1982-ல் மத்தியப் பிரதேசத்தில் நர்மதைக் கரை ஹத்னோராவில் அருண் சொனாக்கியா கண்டெடுத்த மண்டை ஓடு. அது எந்த இனம் என்று அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. உறுதியாக நியாண்டர்தால் என்று சொல்லக்கூடிய எலும்பு நமக்கு மேற்கே இராக்கிலும், வடக்கே உஸ்பெகிஸ்தானிலும், சைபீரியாவிலும் கிடைத்திருக்கிறது. நம் நாட்டு மண்ணில் கிடைக்கவில்லை.

மண்ணில் இல்லாதது நம் உடம்பில் இருக்கிறது.

ஸ்வாண்டே பேபோ என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர், குரோஷியாவில் ஒரு குகையில் கிடைத்த நியாண்டர்தால் எலும்பில் இருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து, 2010-ல் அதன் முதல் வரைவை வெளியிட்டார். இன்றைய மனிதர்களின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டால், ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் எல்லோரிடமும் நியாண்டர்தால் பங்கு இருந்தது. சுமார் 1 முதல் 2 சதவீதம். பிரெஞ்சுக்காரர், சீனர், பாப்புவா தீவுக்காரர் எல்லோரிடமும்! எல்லோரிடமும் இருக்கிறது என்றால், இவர்கள் தனித்தனியாகப் பிரிந்து போவதற்கு முன்பே அந்தக் கலப்பு நடந்திருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் இருந்து கிளம்பிய நம் முன்னோர், மேற்கு ஆசியப் பக்கம் நியாண்டர்தால்களைச் சந்தித்திருக்கிறார்கள், குடும்பம் நடத்தியிருக்கிறார்கள், பிள்ளை பெற்று வளர்த்திருக்கிறார்கள். பேபோவுக்கு 2022-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

எப்போது நடந்தது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உயிர்த்தொழில்நுட்பம் படித்த என் பழைய மாணவி ஒருத்தி ஃபோனில் எனக்குப் பாடம் நடத்தினாள். எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். வெள்ளை நூல்கண்டில் ஒரு நீளச் சிவப்பு நூலை முடிந்திருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் நூலை அங்கங்கே வெட்டி, இன்னொரு கண்டின் துண்டோடு மாற்றி முடிகிறோம். தலைமுறை ஆக ஆகச் சிவப்புத் துண்டு சின்னதாகிக்கொண்டே போகும். துண்டு நீளமாக இருந்தால் கலப்பு அண்மையில் நடந்தது, குட்டையாக இருந்தால் நடந்து வெகுகாலம் ஆயிற்று. இப்படி அளந்து பார்த்ததில், நமக்குள் இருக்கும் நியாண்டர்தால் துண்டுகள் சுமார் 50,500 முதல் 43,500 ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தவை என்று 2024 கடைசியில் ஒரு ஆய்வு சொன்னது. கிட்டத்தட்ட 7,000 ஆண்டு. ஏதோ ஒரு நாள் வழி தவறி நடந்த சமாசாரம் இல்லை, தலைமுறை தலைமுறையாகக் கொள்வினை கொடுப்பினை இருந்திருக்கிறது.

ருமேனியாவில் ஒரு குகையில் கிடைத்த, சுமார் 40,000 ஆண்டு பழைய தாடை எலும்பில் சிவப்பு நூல் மிக நீளமாக இருந்தது. அந்த மனிதருக்கு நான்கு முதல் ஆறு தலைமுறைக்கு முன்னால் இருந்த பாட்டன் பூட்டிகளில் ஒருவர் நியாண்டர்தால். சைபீரியாவில் டெனிசோவா குகையில் கிடைத்த ஒரு சின்ன எலும்புத் துண்டு இன்னும் ஆச்சரியம். சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெண் பிள்ளையுடையது. அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவன் என்ற இன்னொரு ஆதி இனம். நேரடியாக முதல் தலைமுறைக் குழந்தை! 2018-ல் இதை அறிவித்தார்கள்.

இனி நம் நாடு. பிரியா மூர்ஜானி என்ற மரபியல் அறிஞரும் குழுவினரும் இந்தியாவெங்கும் 2,762 பேரின் முழு மரபணுத் தொகுப்பைப் படித்து 2025-ல் வெளியிட்டார்கள். நம்மிடமும் நியாண்டர்தால், டெனிசோவன் பங்கு 1 முதல் 2 சதவீதம்தான். ஆனால் ஆளுக்கு ஆள் வேறு வேறு துண்டு. உங்களிடம் உள்ளது என்னிடம் இல்லை, என்னிடம் உள்ளது அடுத்த தெருக்காரரிடம் இல்லை. அத்தனையையும் பொறுக்கிச் சேர்த்தால் நியாண்டர்தால் மரபணுத் தொகுப்பில் ஏறக்குறைய பாதியைத் திரும்ப அடுக்கிவிடலாமாம். இந்தியர்களிடம் மட்டும் காணப்படும் நியாண்டர்தால் துண்டுகள், உலகில் வேறு எந்த மக்கள் கூட்டத்துக்கும் இருப்பதைவிட அதிகமாம். "அழிஞ்சே போயிட்டான்" என்று நான் சொன்னேன். பாதி ஆள் நம் தெருக்களில் நடமாடிக்கொண்டிருக்கிறார்!

இன்னொன்றும் இருக்கிறது. 2013-ல் மூர்ஜானி, ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலானோர் சேர்ந்து இந்தியத் துணைக்கண்டத்தின் 73 சமூகங்களின் டிஎன்ஏவைப் பார்த்தார்கள். சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்வரை இந்தியாவில் இருந்த வெவ்வேறு கூட்டத்தார் ஒருவரோடு ஒருவர் தாராளமாகக் கலந்திருக்கிறார்கள். எந்தச் சமூகமும் விலக்கு இல்லை. அதற்குப் பிறகுதான் அவரவருக்குள் மட்டும் கல்யாணம் என்று கதவை அடைத்துக்கொண்டோம். அடைத்ததற்கு விலையும் கொடுக்கிறோம். குறைந்த குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும்போது, சில பரம்பரை நோய்கள் அந்தந்தச் சமூகத்துக்குள் கூடிவிடுகின்றன. ஆக, கலப்புதான் பழைய வழக்கம். கலக்கக் கூடாது என்பது பின்னால் வந்தது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர்கள் வேண்டாம்.

நான் தறிக்காரர் வீட்டுப் பெண். பள்ளிக்கூடம் போவதற்கு முன் காலையில் அப்பாவின் தறியில் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான நாடாவைத் தள்ளிக் கொடுப்பேன். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கி வேலைக்குப் போன முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். அப்பாவுக்குப் பிறகு அதே குழித்தறியில் அண்ணன் உட்கார்ந்தார். பதினான்கு வருடத்துக்கு முன் அண்ணன் மகள் சென்னையில் தன்னோடு வேலை பார்த்த பையனை விரும்பினாள். வேறு சாதி. அண்ணன் என்னிடம் வந்தார். "நீ படிச்சவ. நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கிறவ. நீ என்ன சொல்றியோ அதான்" என்றார்.

நான் சொன்னேன்: "நம்ம ரத்தத்துல இதுவரைக்கும் கலப்பு கிடையாது அண்ணா."

அண்ணன் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அவள் சென்னையில் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அப்பாவும் மகளும் அதன் பிறகு பேசவில்லை. பேத்தி பிறந்த சேதி வந்தும் போய்ப் பார்க்கவில்லை.

2021 மே மாதம் எங்கள் வீட்டுக்குள் கொரோனா வந்தது. எனக்கும் வந்தது, அண்ணிக்கும் வந்தது, நாலு நாள் காய்ச்சலோடு போயிற்று. அண்ணனைத்தான் காப்பாற்ற முடியவில்லை. மகள் வீடியோ காலில்தான் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

ஒரே வீட்டில், ஒரே சாப்பாடு சாப்பிட்ட எங்களில் அவருக்கு மட்டும் ஏன் இப்படி என்று தேடிப் படிக்கத் தொடங்கித்தான் நான் நியாண்டர்தாலிடம் வந்து சேர்ந்தேன். கொரோனா கடுமையாவதோடு தொடர்புடைய ஒரு டிஎன்ஏ துண்டு மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது, அது நியாண்டர்தாலிடம் இருந்து வந்தது என்று 2020-ல் ஹியூகோ ஸெபெர்க்கும் பேபோவும் எழுதியிருந்தார்கள். ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரிடம் இருக்கும் அந்தத் துண்டு, தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருக்கிறதாம். படித்ததும் எனக்கு ஒரு ஆறுதல் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். பழி போட ஒரு ஆள் கிடைத்துவிட்டார் பாருங்கள்! எங்கள் மேல் தப்பில்லை, ஐம்பதாயிரம் வருடத்துக்கு முந்தைய கலப்பின் மேல்தான் தப்பு.

மேற்கொண்டு படித்ததும் அந்த ஆறுதலும் போயிற்று. அடுத்த வருடமே அதே இருவர், பன்னிரண்டாவது குரோமோசோமில் உள்ள இன்னொரு நியாண்டர்தால் துண்டு கொரோனா கடுமையாகும் ஆபத்தைச் சுமார் 22 சதவீதம் குறைக்கிறது என்று எழுதினார்கள். ஒரே பாட்டி வீட்டுச் சீரில் நல்லதும் இருந்தது, கெட்டதும் இருந்தது. தங்கராஜும் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் ஞானேஷ்வர் சௌபேயும் இந்தியாவில் சரிபார்த்ததில், மூன்றாவது குரோமோசோம் துண்டுக்கும் நம் ஊர் கொரோனா பாதிப்புக்கும் தொடர்பு தெரியவில்லை என்று 2021-ல் வெளியிட்டார்கள். ஆக, அண்ணனின் சாவுக்கு அந்தப் பழைய கலப்பின் மேல் பழி போட எனக்கு வழியில்லை. அப்பாவும் மகளும் ஒன்பது வருடம் பேசாமல் இருந்ததற்கோ டிஎன்ஏவே தேவையில்லை, நான் சொன்ன ஒரு வாக்கியம் போதும். வகுப்பில் "சம்பந்தம் கிடையாது" என்றேன், வீட்டில் "கலப்பு கிடையாது" என்றேன். இரண்டும் ஒரே தப்புதான். ஒன்று பரீட்சையில் ஒரு மார்க். இன்னொன்று ஒரு பிள்ளையின் அப்பா.

இந்த வைகாசி கருடசேவைக்கு அண்ணன் மகளைக் கூப்பிட்டேன். கணவரோடும் மகளோடும் வந்தாள். விடியற்காலை வரதர் கோபுர தரிசனம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், அண்ணி பெட்டியைத் திறந்து ஒரு சேலையை எடுத்தார். மகள் கல்யாணத்துக்கென்று அண்ணன் நெய்து வைத்து, கொடுக்காமலே விட்ட சேலை. மாம்பழ நிற உடல், அரக்குக் கரை, கோர்வை. தறிக்காரர் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கோர்வைச் சேலையில் உடலுக்குத் தனி நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, மொத்தம் மூன்று. ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலையும் கரை நூலையும் ஒன்றோடு ஒன்று கோத்துத்தான் நெய்ய முடியும். ஒரு ஆளால் ஆகாது, பக்கத்தில் துணை வேண்டும். அந்த வேலைக்குத்தான் காஞ்சிபுரத்துக்குப் பேர்.

எட்டாவது படிக்கும் பேத்தி சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பாட்டி, ரெண்டு கலரையும் ஒட்ட வெச்சிருக்காங்களா?" என்று கேட்டாள். "இழுத்துப் பாரு" என்றேன். இரண்டு கையாலும் பலம் கொண்ட மட்டும் இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

அண்ணன் மகளிடம் தனியாகச் சொன்னேன். "அன்னிக்கு உங்கப்பாகிட்ட நான் சொன்னது தப்பும்மா."

"தெரியும் அத்தை" என்றாள். அவ்வளவுதான். சேலையை எடுத்துக்கொண்டு போனாள்.

என் பிள்ளைகளே, பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால் இப்படித் திருத்திக்கொள்ளுங்கள்: நியாண்டர்தால் மனிதர்கள் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன் தனி இனமாக மறைந்தார்கள். அதற்கு முன் நம் முன்னோரோடு கலந்தார்கள். அவர்களுடைய பங்கு இன்றும் நம் உடம்பில் இருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் உண்டு.

விடுமுறையில் முடிந்தால் உங்கள் பிள்ளைகளைப் பூண்டி நீர்த்தேக்கம் பக்கம் உள்ள தொல்லியல் துறை அகழ்வைப்பகத்துக்கும், எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிப் போங்கள். ஃபூட் சேர்த்து வைத்த கற்கருவிகள் எழும்பூரில்தான் இருக்கின்றன. இந்தப் பதிவில் ஏதாவது தப்பு இருந்தாலும் கீழே எழுதுங்கள். டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன்.